ஒன்பதாம் வகுப்பில் ‘தண்டனை’ பாடம்: ஒரு யோசனை வேண்டும்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நீதிபதி தண்டனையை எப்படி முடிவு செய்கிறார் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவைக்க மூன்று வாரமாக முயல்கிறேன், நடக்கவில்லை. எந்த வழக்கைக் கொடுத்தாலும் 38 பிள்ளைகளும் “அதிகபட்சம் போடுங்க சார்” என்கிறார்கள்.

முதலில், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவைப் பலகையில் எழுதினேன்: திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த ‘வரை’யை விட்டுவிட்டு மூன்று ஆண்டு என்றே எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். (பெரியவர்களும் அப்படித்தானே படிக்கிறோம்.) அப்புறம், பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை தண்டிக்கப்படுபவர், பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் என்றேன். “அப்போ ஒரு தடவை திருடலாமா சார்?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது.

நீதிமன்ற நாடகமும் போட்டோம். குற்றவாளியா இல்லையா என்ற சண்டையிலேயே மணி அடித்துவிட்டது. குற்றம் உறுதியான பிறகு, தண்டனை பற்றிக் குற்றவாளி தரப்பை நீதிபதி மறுபடி கேட்பாரே, அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை.

மீதி இருப்பது 40 நிமிடப் பாடவேளை இரண்டு. ப்ரொஜெக்டர் கிடையாது, ஜெராக்ஸ் தாள் உண்டு. கொலை, பாலியல் வழக்குகள் வேண்டாம்.

ஒரே குற்றம், இரண்டு ஆட்கள், இரண்டு வேறு தண்டனை. அது ஏன் என்று பிள்ளைகளே வாதாடிக் கண்டுபிடிக்கிற மாதிரி, உங்கள் வகுப்பில் நடத்திப் பார்த்த செயல்பாடு ஏதாவது இருக்கிறதா?