குடும்பக் குழு: ஷாங்காயிலிருந்து அக்கா

அக்கா: அறைக்கு வந்துவிட்டேன். இங்கே ரோமிங் சிம்மில்தான் வாட்ஸ்அப் வருகிறது. பீஸ் ஹோட்டல், ஆற்றங்கரைச் சாலையிலேயே. 1929-இல் கேத்தே ஹோட்டல் என்ற பெயரில் திறந்தார்களாம். உச்சியில் பச்சைக் கூம்பு, முழுக்கச் செம்புத் தகடு.

அம்மா: புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சையா?

அக்கா: அதேதான் அம்மா!

அப்பா: 1936-இல் சார்லி சாப்ளின் தங்கிய ஓட்டல். அந்தப் படிகளில் நீயும் ஏறுகிறாய், எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சித்தப்பா: கட்டியவர் விக்டர் சசூன். பம்பாயில் விடியற்காலை மீன் வாங்கப் போவேனே, சசூன் டாக், அது இவருடைய தாத்தாவின் அண்ணன் 1875-இல் கட்டியது. பாக்தாதிலிருந்து பம்பாய் வந்த யூதக் குடும்பம்.

அக்கா: ஆமாம் சித்தப்பா. ஆனால் அந்தக் குடும்பத்துச் சொத்தில் அபினிப் பணமும் உண்டு. மாளவத்தில் விளைந்து, பம்பாயில் கப்பலேறி, இந்த ஊர் மக்களிடம் விற்ற அபினி. லாபியில் மஞ்சள் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தபோது அது நினைவுக்கு வந்து உறுத்தியது.

தம்பி: வாசலில் குண்டு விழுந்ததாமே?

அக்கா: 1937 ஆகஸ்ட் 14. ஜப்பானியப் போர்க்கப்பலுக்குக் குறிவைத்த சீன விமானத்தின் குண்டு தவறி இந்தத் தெருவில் விழுந்தது. ஓடிவந்த அகதிகள் நிறையப் பேர் செத்துப்போனார்கள்.

அம்மா: ஐயோ. சரி, சாப்பிட்டாயா?

அக்கா: ஆயிற்று. இப்போது கீழே ஜாஸ் கேட்கிறேன். வாசிப்பவர்கள் எல்லாரும் தாத்தாக்கள். 1980-இல் தொடங்கிய குழு. தொடங்கியவர்கள் 1949-க்கு முன்னால் இங்கே நடன அரங்குகளில் வாசித்தவர்கள். அந்த வருடம் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, அப்புறம் கிட்டத்தட்ட முப்பது வருடம் மேடையே கிடையாது. விரல் மறக்காமல் எப்படி வைத்திருந்தார்களோ!

அக்கா: ஒருவர் பாட்டு முடிந்ததும் ட்ரம்பெட்டை மடியில் சாய்த்து, உள்ளே சேர்ந்த நீரை வடித்துவிட்டு, வாய் வைக்கும் இடத்தைக் கைக்குட்டையால் துடைக்கிறார். அவசரமே இல்லை.

அப்பா: நம் நாயனக்காரர் சீவாளியைத் துடைத்து வைப்பாரே, அது மாதிரி.

அக்கா: அப்பா, எனக்கும் திருவிழா ராத்திரிதான் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

அம்மா: பதிவு செய்து அனுப்பு. இங்கே மணி ஏழரைதான், எல்லாரும் கூடத்தில்தான் இருக்கிறோம்.

அக்கா: 🎤 குரல் பதிவு 1:42

அம்மா: கேட்டோம். அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுகிறார். இன்னொன்று அனுப்பு.