வாராந்திர டிரெயினிங்கும் ஓரியன்டீரிங் கோர்ஸ் பிளானிங்கும் ஒண்ணா ஓட்ட முடியுமா?

கேள்வி:
வணக்கம் மக்களே. நான் ஆசைக்கு ஓடுற ஆளுதான், போட்டி டைமிங் எதுவும் துரத்துறதில்ல. வழக்கமா செவ்வாய் இன்டர்வெல் (வேகமா ஓடி நடுநடுவுல மெதுவாக்குறது), வியாழன் மெதுவா ஒரு ஓட்டம், சனி மேடு ஏறி இறங்குறது, ஞாயிறு லாங் ரன். இப்போ எங்க குழுவுல அடுத்த ஓரியன்டீரிங்குக்கு (மேப்பும் காம்பஸும் வச்சு குறிச்ச இடங்கள வரிசையா தேடி ஓடுற விளையாட்டு) கோர்ஸ் போடுற பொறுப்ப என்கிட்ட குடுத்துருக்காங்க. காட்டு மேப், 1:10,000, 5 மீட்டருக்கு ஒரு கான்டூர் (உயரக்கோடு). வர்றவங்கள்ல பாதிப்பேர் புதுசு, மீதி நல்லா பழகினவங்க. ரெண்டு சந்தேகம். கன்ட்ரோல், அதாவது ஓடுறவங்க தேடி வர வேண்டிய கொடி, வைக்கிற இடமெல்லாம் நேர்ல போய் பாக்கணுமே, அத ஞாயித்துக்கிழமை லாங் ரன்னோட சேத்து முடிச்சிடலாமா? இன்னொன்னு, மேப்ப விரிச்சா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, நல்ல நல்ல பாறை, பள்ளம்னு கண்ணுல பட்டுகிட்டே இருக்கு, எல்லாத்துலயும் கன்ட்ரோல்னு ஒரு வட்டம் போட்டுடலாம்னு கை பரபரக்குது.

பதில் 1:
ரெண்டாவதுக்கு முதல்ல சொல்றேன். வட்டத்த மறந்துடுங்க, லெக்க (ரெண்டு கன்ட்ரோலுக்கு நடுவுல ஓடுற பகுதி) தேடுங்க. ஒரு கன்ட்ரோல்ல இருந்து அடுத்ததுக்கு போறப்ப ஓடுறவங்க நின்னு யோசிக்கணும், அதான் இந்த விளையாட்டோட உயிரே. உதாரணத்துக்கு நடுவுல ஒரு குன்று இருக்குன்னு வைங்க, நேரா ஏறிப்போனா 600 மீட்டர், ஆனா 50 மீட்டர் ஏத்தம். 10 மீட்டர் ஏத்தத்துக்கு 100 மீட்டர் சமதளம்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அதுப்படி இது 1,100 மீட்டருக்கு சமம். சுத்திப்போற பாதை சமதளமா 1,050 மீட்டர் வருதுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, அப்போ அவங்கவங்க கால் பலம், மேப் படிக்கிற தெளிவ பொறுத்து முடிவு மாறும். இந்த மாதிரி லெக் கோர்ஸுல ரெண்டு மூணு கிடைச்சாலே போதும், மீதி கன்ட்ரோலெல்லாம் அதுங்கள இணைக்கத்தான்.

இன்னொன்னு, கன்ட்ரோலுக்கு உள்ள போன வழியிலயே திரும்பி வர்ற மாதிரி வைக்காதீங்க. முன்னாடி போனவர் எதிர்ல வர்றத பாத்தே பின்னாடி வர்றவருக்கு இடம் தெரிஞ்சிடும். பக்கத்துல சின்னதா ஒரு கன்ட்ரோல் சேத்து கோணத்த திருப்பிவிட்டா சரியாயிடும். கொடிய புதருக்குள்ள ஒளிக்கவும் கூடாது. மேப்ப சரியா படிச்சு அந்த பாறைகிட்ட வந்தவங்களுக்கு கொடி உடனே தெரியணும், அதிர்ஷ்டத்துல யாரும் ஜெயிக்கக்கூடாது பாருங்க.

பதில் 2:
லாங் ரன்னோட சேக்கவே சேக்காதீங்க. இடம் பாக்குறதுன்னா நிக்கணும், ரெண்டு பக்கத்துல இருந்து காம்பஸ் பிடிச்சு வரணும், மேப்புல இருக்குற பள்ளம் தரையில உண்மையா தெரியுதான்னு பாக்கணும், அடையாளத்துக்கு டேப் கட்டணும். இப்படி நின்னு நின்னு போனா லாங் ரன்னும் இல்ல, பிளானிங்கும் இல்ல. அந்த வாரம் வியாழக்கிழமை ஓட்டத்த எடுத்துட்டு அந்த இடத்துல இத வைங்க, நடந்தே போங்க. பாதை இல்லாத காட்டுல ரெண்டு மூணு மணி நேரம் நடந்தா கெண்டைக்காலும் கணுக்காலும் நல்லாவே அலுக்கும், அதனால கிலோமீட்டர பாக்காம நேரத்த கணக்குல எடுங்க, மறுநாள் ரெஸ்ட். செவ்வாய் இன்டர்வெல் அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை மேட்டு ஓட்டத்துக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கு. மேல சொன்ன அந்த குன்று லெக்க எடுத்து ஏறிப்போற வழியையும் சுத்துவழியையும் வாட்ச் வச்சு ஓடிப்பாருங்க. நடுவுல நல்லா மூச்சு வாங்கிக்கணும், இல்லன்னா ரெண்டாவதா ஓடுன வழி காரணமே இல்லாம மோசமா தெரியும். டிரெயினிங்கும் ஆச்சு, லெக் சமமா இருக்கான்னும் தெரிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
அருமைங்க, சனிக்கிழமை யோசனை ரொம்ப பிடிச்சிருக்கு. புதுசா வர்றவங்களுக்கும் இதே கோர்ஸ சின்னதாக்கி குடுத்தா போதுமா?

பதில் 3:
போதாதுங்க, அவங்களுக்கு தனியா போடுங்க. தூரத்த குறைச்சதால மட்டும் ஒரு கோர்ஸ் சுலபமாயிடாது. பாதை, வேலி, ஓடை மாதிரி பிடிச்சுகிட்டே போகக்கூடிய கோட்டுமேலயே மொத்த கோர்ஸும் இருக்கணும், திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்புலயும் ஒரு கன்ட்ரோல் இருக்கணும். முதல் கன்ட்ரோல் ஸ்டார்ட்டுக்கு பக்கத்துலயே கிடைச்சா பயம் போயிடும், அப்புறம் அவங்களே ஆசையா ஓடுவாங்க. மேப்புல அடர் பச்சையா, அதாவது செடிகொடி ரொம்ப அடர்ந்து இருக்குற பக்கம் அவங்கள அனுப்பவே கூடாது.

ரெண்டு கோர்ஸும் ஒரே காட்டுல போறப்ப கன்ட்ரோல் நெருங்கிடாம பாத்துக்கங்க. குறைஞ்சது 30 மீட்டர் இடைவெளி வேணும், ரெண்டுமே பாறைன்னு ஒரே மாதிரி இருந்தா 60 மீட்டர். கொடியில போடுற நம்பர 31ல இருந்து ஆரம்பிங்க, அப்பதான் கன்ட்ரோல் வரிசை எண்ணோட குழம்பாது. கோர்ஸ் வரையறதுக்கு பர்ப்பிள் பென்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, லெக் நீளமெல்லாம் அதுவே காட்டும். மொத்த ஏத்தம் கோர்ஸ் நீளத்துல 4 சதவீதத்த தாண்டாம இருந்தா நல்லது. பிரின்ட் போடுறதுக்கு முன்னாடி கோர்ஸ பத்தி எதுவுமே தெரியாத ஒருத்தர மேப்போட காட்டுக்குள்ள அனுப்பி டேப் கட்டுன இடத்தையெல்லாம் கண்டுபிடிக்க சொல்லுங்க, அவர் எங்க தடுமாறுறாரோ அந்த இடத்த மறுபடி போய் பாருங்க.