புதுப்பிப்பு: மெனுவில் சேர்த்த டேப் விற்பனைக் குழுவுக்குத் தெரியாத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சேல்ஸ்ஃபோர்ஸ் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) லைட்னிங் இடைமுகத்தில் ஒரு கஸ்டம் ஆப்ஜெக்டின் (நாமே உருவாக்கும் தரவு அட்டவணை) டேபை ஆப் மேனேஜரில் நேவிகேஷன் ஐட்டம்ஸ் (ஆப்பின் மெனுப் பட்டியல்) பகுதியில் சேர்த்தும், அட்மினான எனக்கு மட்டும் தெரிகிறது, விற்பனைக் குழுவினருக்கு இல்லை என்று கேட்டிருந்தேன்.

கேஷை அழித்துப் பார்த்தேன், பயனில்லை. புரொஃபைலில் (பயனர்களின் அடிப்படை அனுமதிகள் இருக்கும் இடம்) டேப் செட்டிங்கைப் பாருங்கள் என்று சொன்னவரின் யோசனைதான் சரி: அங்கே அது 'டேப் ஹிடன்' என்று இருந்தது, 'டிஃபால்ட் ஆன்' ஆக்கினேன், அந்த ஆப்ஜெக்டுக்கு ரீட் அனுமதியும் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டேன், அவர்கள் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும் டேப் வந்துவிட்டது. 'டிஃபால்ட் ஆஃப்' போதாது, அப்படி வைத்தால் ஆப் லாஞ்சரில்தான் (எல்லா ஆப்களும் டேப்களும் இருக்கும் பட்டியல்) தேடி எடுக்க வேண்டும். பர்மிஷன் செட் (புரொஃபைலுக்கு மேல் கூடுதலாகத் தரும் அனுமதிகள்) வழியாகக் கொடுப்பவர்கள் 'அவைலபிள்' உடன் 'விசிபிள்' என்பதையும் டிக் செய்யுங்கள்.

எதிர்பாராத ஒன்று: இரண்டு பேருக்கு மட்டும் நான் வைத்த வரிசை வரவே இல்லை. அவர்கள் முன்பே பென்சில் ஐகானை அழுத்தித் தங்கள் மெனுவை மாற்றி வைத்திருந்தார்கள். அதே இடத்தில் 'ரீசெட் நேவிகேஷன் டு டிஃபால்ட்' கொடுத்ததும் சரியானது. எல்லோருக்கும் ஒரே மெனு கட்டாயம் என்றால் ஆப் செட்டிங்கில் பயனர் மாற்றத்தைத் தடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் பழகிய வரிசையைப் பறிக்க மனமில்லாமல் அதை நான் விட்டுவிட்டேன்.