ஸ்னோட்ராப் எதுல ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
இங்கிலாந்துல இருக்கேன், ஆப்பிள் மரத்தடில ஸ்னோட்ராப்ல (குளிர்கால முடிவுல பூக்கற சின்ன வெள்ளைக் கிழங்குப் பூ) சாதாரண இனமான நிவாலிஸ் கொத்து கொத்தா பூக்குது, இப்ப வேற வேற ரகமா சேர்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. எத வாங்கலாம், எப்ப நடலாம்?

பதில் 1:
முதல்ல எஸ். ஆர்னாட் வாங்குங்க. பூ பெருசு, வெயில் பட்டா தேன் வாசனை அடிக்கும், நல்லா பெருகவும் செய்யும். அப்புறம் மேக்னெட், பூக்காம்பு நூல் மாதிரி நீளமா இருக்கறதால லேசான காத்துக்கே ஆடும், பாத்துக்கிட்டே இருக்கலாம். காஞ்ச கிழங்கு மட்டும் வேணாம், பல சமயம் முளைக்கவே முளைக்காது, பூ முடிஞ்சு இலை பச்சையா இருக்கறப்பவே வேரோட வாங்கி உடனே நட்டுடுங்க.

பதில் 2:
பூவுல மஞ்சள் நிறம் வேணும்னா வெண்டிஸ் கோல்ட் ரகம் வாங்குங்க. அரிய ரகங்க பின்னாடி இப்பவே ஓடாதீங்க, 2015ல கோல்டன் ஃப்ளீஸ்னு ஒரே ஒரு கிழங்கு ஈபேல 1,390 பவுண்டுக்கு போச்சு. பிப்ரவரில க்ளாஸ்டர்ஷயர்ல இருக்கற கோல்ஸ்போர்ன் பார்க் தோட்டத்துக்குப் போய் நேர்லயே பாருங்க, எல்வெசிங்கற ஸ்னோட்ராப் இனத்துக்கு பேர் வர காரணமான தாவர ஆய்வாளர் எல்வெஸ் வாழ்ந்த இடம் அது.

பதில் 3:
கொத்து நெருக்கமாயிட்டா பூ குறையும், சில வருஷத்துக்கு ஒரு தடவ பிரிச்சு நடுங்க. இலைல சாம்பல் பூஞ்சணம் தெரிஞ்சா அந்தக் கொத்த அப்படியே தோண்டி எடுத்துடுங்க, உரக்குழில போடாதீங்க. லேபிள் கண்டிப்பா வைங்க, இலை காஞ்சதுக்கப்புறம் எது எங்கன்னே தெரியாது.