மொட்டை மாடியில் ஒரு ரூம்: சதுர அடி ரேட்டை நம்பலாமா?

கேள்வி:
தரைத்தளம் மட்டும் உள்ள 15 வருட வீடு, பில்லர் போட்டுக் கட்டியது. மாடியில் உள்ளளவு 12க்கு 14 அடியில் ஒரு ரூம் வேண்டும், பாத்ரூம் இல்லாமல். மேஸ்திரி சதுர அடி ரேட்டில் மொத்தமாகப் பேசுகிறார். பட்ஜெட் எப்படிப் போடுவது? செங்கலா, ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த, காற்றறை உள்ள கான்கிரீட் கல்)?

பதில் 1:
ரேட் பேசும் முன், சுவர் எதன் மேல் உட்காரப்போகிறது என்று பாருங்கள் சார். கீழே பீம் ஓடும் கோட்டில்தான் மேல் சுவர் வரவேண்டும். 12 அடி அதற்கு ஒத்துவராவிட்டால் ரூம் அளவை மாற்றுங்கள். ஸ்லாப் (கான்கிரீட் தளம்) நடுவில் சுவரை ஏற்றினால் கீழ் ரூம் சீலிங்கில் வெடிப்பு விழும். பழைய டிராயிங்கோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். டிராயிங் இல்லையென்றால் ஒரு பில்லர் ஓரம் தோண்டி ஃபுட்டிங்கை (பில்லரின் அடித்தளம்) பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஃபீஸ்தான் பட்ஜெட்டில் முதல் வரி.

10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 20 டன், 5,000 கல். 8 அங்குல ஏஏசி என்றால் பூச்சு நீங்கலாக 7 டன்னுக்குள் முடியும், 400 பிளாக் போதும். பழைய வீட்டுக்கு ஏஏசிதான் நல்லது.

பதில் 2:
முதலில் அளவைப் பேசி முடியுங்கள். உள்ளளவு 168 சதுர அடி. 9 அங்குலச் சுவரோடு வெளியளவு 209. காண்ட்ராக்டர் வெளியளவைத்தான் எண்ணுவார்.

5 அங்குல ரூஃபுக்கு ஏறக்குறைய 2.5 கனமீட்டர் கான்கிரீட். எம்20 (கான்கிரீட்டின் தர அளவு) கலவைக்கு சிமெண்ட் 20 மூட்டை, கம்பி சுமார் 200 கிலோ. பீம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் சட்டம்) தனி.

சின்ன வேலைக்குச் சதுர அடிக் கணக்கு கூடத்தான் வரும். கலவை மெஷின், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) எல்லாம் ஒரு ரூமுக்கும் வந்து போகவேண்டும். பொருளை மாடிக்கு ஏற்றும் கூலி வேறு. பழைய தட்டோடு (மாடியில் பதித்த ஓடு) உடைத்து அள்ளுவது, மாடிப்படி, மெயின் போர்டிலிருந்து வயரிங், புது ரூஃபுக்குத் தட்டோடு, பெயிண்ட்: இதெல்லாம் ரேட்டில் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான். கைவசம் பட்ஜெட்டில் 15 சதவீதம் தனியாக வையுங்கள்.

பதில் 3:
ஏஏசி பிளாக்கைச் செங்கல் மாதிரி ஊறவைக்க விடாதீர்கள், மேலாக ஈரப்படுத்தினால் போதும். பிளாக்கும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசாவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

சுவர் வரும் இடத்தில் தட்டோடு, அதற்கு அடியிலுள்ள சுர்க்கிக் கலவையை ஸ்லாப் தெரியும்வரை எடுக்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே கட்டினால் மழைத் தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து கீழ் ரூமில் இறங்கும். மாடியில் நீட்டிவிட்ட பில்லர் கம்பி துருப்பிடித்து மெலிந்திருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் அதில் கம்பி கட்டக்கூடாது.

பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் ரூஃபில் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டுங்கள். முட்டு 14 நாள் நிற்கட்டும்; சென்ட்ரிங்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.