எலாஸ்டேஸ் தன்னைச் சுமக்கும் செல்லை ஏன் வெட்டுவதில்லை?

லேப்_மாணவி:
லேப் டெக்னாலஜி இரண்டாம் ஆண்டு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவில் இருக்கும் எலாஸ்டேஸ் நொதி, நுரையீரலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் புரதத்தையே அறுத்துவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் அந்த செல்லை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? டிரிப்சின் என்ற செரிமான நொதி மாதிரி செயலற்ற வடிவில் இருக்கும் என்று எழுதினேன். மிஸ் சுழித்துவிட்டார்.

பழைய_ஸ்லைடு:
மிஸ் சுழித்தது சரிதான்மா. டிரிப்சின் கணையத்திலிருந்து செயலற்றதாக வந்து குடலில்தான் விழிக்கும். எலாஸ்டேஸ் அப்படியில்லை. எலும்பு மஜ்ஜையிலேயே கத்தெப்சின் சி என்ற இன்னொரு நொதி அதன் நுனியில் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். அப்போதே கத்தி தீட்டியாயிற்று. ஆனால் உறைக்குள் இருக்கிறது. உறை என்பது கிரானுல், செல்லுக்குள் இருக்கும் குட்டிப் பை. உள்ளே அமிலத்தன்மை, போதாததற்கு செர்கிளைசின் என்ற பொருளோடு ஒட்டிக் கிடக்கும். செல் கிருமியை விழுங்கிய பிறகுதான், கிருமி அடைபட்ட பைக்குள் கொட்டப்படும்.

லீஷ்மன் சாயம் போட்ட மஜ்ஜை ஸ்லைடு கிடைத்தால் புரோமைலோசைட்டை, அதாவது இன்னும் முதிராத இளம் செல்லை, தேடுங்கள். செந்நீலப் பொடி தூவியதுபோல் இருக்கும், அந்தப் பொடிதான் இந்த கிரானுல்கள். செல் முதிர்ந்த பின் அவை சாயம் பிடிக்காது. நான் முதல் வருடம் ரத்த ஸ்மியரில் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

லேப்_மாணவி:
சரி சார், வெளியே கசிந்தால்?

பழைய_ஸ்லைடு:
கல்லீரல் அனுப்பும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். பேர் டிரிப்சினுக்கு, வேலை பெரும்பாலும் எலாஸ்டேஸிடம்! எலிப்பொறியேதான். எலாஸ்டேஸ் அதன் ஒரு வளையத்தைக் கடிக்கும். கடித்த நொடியில் பொறி சுண்டி, அதை மறுகோடிக்கு இழுத்துப் போய் நசுக்கிவிடும். பொறியும் அத்தோடு காலி.

1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் சீரம் எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரிக்கும் சோதனை) பட்டைகளில், இந்தப் பொறிப் புரதத்துக்கான ஆல்ஃபா-1 கோடே இல்லாத சிலரைக் கவனித்தார்கள். அவர்களில் சிலருக்கு இளவயதிலேயே எம்பைசீமா, அதாவது நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்துபோகும் நோய். சிகரெட் புகையும் இங்கேதான் கெடுக்கிறது: பொறியின் 358ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பிடி தளர்ந்துவிடும்.

ரிப்போர்ட்_குழப்பம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மலப் பரிசோதனையில் எலாஸ்டேஸ் குறைவு என்று வந்திருக்கிறது. வெள்ளை அணுவில் கோளாறா?

பழைய_ஸ்லைடு:
இல்லைங்க, அது கணைய எலாஸ்டேஸ். வேறு மரபணு, பேர் மட்டும் ஒன்று. கணையம் போதிய நொதி சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. மலம் தண்ணீராகப் போன நாளில் சாம்பிள் கொடுத்திருந்தால் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

லேப்_மாணவி:
ஐயோ, நானும் இரண்டும் ஒன்று என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதே அடிக்கிறேன்.