மார்த்தாண்டத்துல இருந்து பெங்களூர், 44ல எங்க ஏறணும்?

அண்ணன்மாரே, அடுத்த வாரம் பிள்ளைங்களோட கார்ல பெங்களூர் போறோம், மேப்ல என்ஹெச் 44னு காட்டுது, அப்பா என்னன்னா அது ஏழாம் நம்பர் ரோடுங்காங்க, ரெண்டும் ஒண்ணுதானா? கன்னியாகுமரி போயிதான் ஏறணுமா?

— வடசேரிக்காரன்:
ஒண்ணுதான் மக்கா. முன்ன வாரணாசி–கன்னியாகுமரி ரோடு என்ஹெச் 7, 2010ல நம்பர் மாத்துனப்ப அதுல பெரும்பகுதி 44க்குள்ள வந்துட்டு. இப்ப ஸ்ரீநகர்ல தொடங்கி டெல்லி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், மதுரைன்னு 3,700 கிலோமீட்டருக்கு மேல ஓடி நம்ம கடற்கரைல வந்து முடியுது, நினைச்சாலே பெருமையா இருக்கு. கன்னியாகுமரி போவாண்டாம், தக்கலை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியா காவல்கிணறு போனா அங்கேயே 44 கிடைக்கும். பிறகு திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், நேர் ரோடுதான்.

— தோவாளை பூக்கடை:
ஒரு காரியம் சொல்லுதேன், முப்பந்தல் தாண்டும்போது காத்து பக்கவாட்டுல அடிக்கும், ஆடி மாசம்னா சொல்லவே வேண்டாம். போன வருசம் கேரியர்ல கட்டுன தார்ப்பாய் ஒரு ஓரம் அவுந்து பின்கண்ணாடில பட்டு பட்டுனு அடிச்சி, நிறுத்தி இறங்குனா கதவையே பிடிக்க முடியல, சின்னவ பயந்து அழுதுட்டா. கயிறு நாலு மூலைலயும் இறுக்கி கட்டுங்க, ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் பிடிங்க.

— கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே, கேரியரே வேண்டாம்னு வச்சிட்டேன். விடியக்காலம் 4 மணிக்கு கிளம்புதோம்.